ஐந்து பவுண்ட் சூடு

கிழக்கு லண்டனில் ஒரு மூலைக்கடையில் மூன்று குளிர்காலம் கல்லாவில் நின்றேன். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள் அவை. பாலும் பாணும் வாங்க வருகிறவர்களுக்கு நடுவே, கையில் சின்ன பிளாஸ்டிக் சாவியோ அட்டையோ வைத்துக்கொண்டு சிலர் வரிசையில் நிற்பார்கள். சாவி மின்சாரத்துக்கு, அட்டை எரிவாயுவுக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பேபாயிண்ட் கருவியில் அதைச் செருகி, அவர்கள் நீட்டும் பணத்தை ஏற்றிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் மீட்டரில் செருகினால்தான் விளக்கு எரியும், ரேடியேட்டர் சூடாகும். பணம் தீர்ந்தால் எல்லாம் நின்றுபோகும்.

எதிரே இருந்த கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) அடுக்குமாடியிலிருந்து ஒரு அம்மா வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர்.

"தம்பி, காஸ் கார்ட்டிலை அஞ்சு பவுண்ஸ் போட்டு விடுங்கோ."

"நேற்றும் அஞ்சு பவுண்ஸ் போட்டனீங்கள், அன்ரி?"

"ஓம் தம்பி. அது எங்கை நிண்டது? வீடு சூடாக முதலே முடிஞ்சு போச்சு."

அவர் சொன்ன அந்தக் கடைசி வரியைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஐந்து பவுண்ட் எங்கே போனது? பாதி மீட்டருக்குள் போனது, மீதி சுவர் வழியே தெருவுக்குப் போனது. இதற்கு பிரிட்டனில் எரிபொருள் வறுமை என்று பெயர். வீட்டைத் தேவையான அளவு சூடாக வைத்திருக்கப் பணம் போதாத நிலை. கவுன்சில் வீடுகளிலும், ஹவுசிங் அசோசியேஷன் என்ற இலாப நோக்கமில்லாத வீட்டுச் சங்கங்களின் வீடுகளிலும் வாடகைக்கு இருப்பவர்களிடம் அது எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்தால் தீரும் என்பதை எனக்குப் புரிந்தவரை இங்கே சொல்கிறேன்.

வெயில் ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீட்டுச் சூடு வசதிக் கணக்கில் வருவதில்லை. அது குடிநீர் மாதிரி. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜனவரி மாதம் சூடு போடாத கவுன்சில் ஃபிளாட்டில் பத்து, பன்னிரண்டு பாகைக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டும். பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, குளிர்காலத்தில் கூடுதலாக நிகழும் மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், மிகவும் குளிர்ந்த கால்வாசி வீடுகளோடு தொடர்புடையவை என்று கணக்கிட்டது.

இப்போது மீட்டருக்கு வருவோம். முன்பணம் கட்டி எரிக்கும் இந்த மீட்டர்களில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளொன்றுக்கு நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அண்மைய ஆண்டுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் சேர்த்து அது நாளுக்கு 90 பென்ஸ் அளவில் வருகிறது. எரிவாயுவுக்கு மட்டும் 30 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் சூடு தேவையில்லை என்று எரிவாயு அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்துவிடுவார்கள். நூறு நாள் கழிந்தால் மீட்டருக்குள் 30 பவுண்ட் கடன் ஏறியிருக்கும். அக்டோபரில் முதல் குளிர் அடிக்கும் மாலையில் 10 பவுண்ட் ஏற்றிக்கொண்டு போய்ச் செருகினால், மீட்டர் முதலில் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கும். "மெசின் பிழை, காசு ஏறேல்லை" என்று அந்த மாதத்தில் கடைக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். கருவியில் பிழை இருக்காது. பழைய கட்டணக் கடன் அந்த மீட்டரில் பதியப்பட்டிருந்தால் ஏற்றும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் அதற்கும் ஒரு பங்கு போகும்.

மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறவர் குளிர்காலச் செலவைக் கோடையிலும் பிரித்துக் கட்டிவிடுகிறார். முன்பண மீட்டர்காரர் குளிர்காலத்தின் முழுச் சுமையையும் அந்தந்த வாரத்திலேயே சுமக்கிறார். அதற்கு மேல், 2023 வரை இந்த மீட்டர்களுக்குக் கட்டணமும் கூடுதலாகவே இருந்தது. 2022இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மீட்டரில் பணம் தீர்ந்து இருட்டிலோ குளிரிலோ இருந்ததாக சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு சொன்னது. யாரும் வந்து இணைப்பைத் துண்டிக்கவில்லை. பணம் இல்லாததால் தாங்களே துண்டித்துக்கொண்டதாகத்தான் அது கணக்கில் வரும். எனக்கு இதில்தான் ஆத்திரம் அதிகம். கம்பனி துண்டித்தால் பதிவாகும், கேள்வி வரும். அட்டையில் காசு தீர்ந்தால் கேட்க நாதியில்லை.

கட்டணம் கட்டாதவர் வீட்டுக்குள் நீதிமன்ற உத்தரவோடு நுழைந்து வலுக்கட்டாயமாக இந்த மீட்டரைப் பொருத்தும் வழக்கமும் இருந்தது. நோயாளிகள், குழந்தைகள் இருக்கும் வீடுகளிலும் அப்படி நடந்ததை 2023 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்தியது. கட்டுப்பாட்டு ஆணையமான ஆஃப்ஜெம் அதை நிறுத்தி வைத்து, பின்னர் விதிகளை இறுக்கியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிலும், துணைக்கு ஆளில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டிலும் இப்போது வலுக்கட்டாயமாகப் பொருத்தக் கூடாது.

இனி விலை. 2019 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் எரிசக்திக்கு விலை உச்சவரம்பு உண்டு. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு வீட்டின் மொத்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஓர் அலகின் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான் உச்சவரம்பு. செய்தியில் வரும் பெரிய தொகை, சராசரி அளவில் எரிக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு என்ன கட்டும் என்ற கணக்கு. அந்தத் தொகை 2021 அக்டோபரில் 1,277 பவுண்ட். 2022 ஏப்ரலில் 1,971. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் 3,549 ஆகியிருக்க வேண்டும். அரசு தலையிட்டு 2,500இல் நிறுத்தியது. ஓராண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு. எந்த ஓய்வூதியமும் உதவித்தொகையும் ஓராண்டில் இரட்டிப்பாகவில்லை. பிறகு விலை இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. 2025 அக்டோபரில் 1,755 பவுண்ட்.

வருமானம், விலை இரண்டையும் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவது காரணமான கட்டடத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. பிரெண்டா போர்ட்மேன் என்ற ஆய்வாளர் 1991இல் எரிபொருள் வறுமையைப் பற்றி எழுதிய நூலின் மையமே அதுதான். வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வீட்டுச் சூட்டுக்கும் விளக்குக்கும் செலவிட வேண்டியிருந்தால் அந்தக் குடும்பம் எரிபொருள் வறுமையில் இருக்கிறது என்ற அளவுகோல் அவர் வழியே பரவியது. இது சாதாரண ஏழ்மையிலிருந்து வேறானது, ஏனென்றால் இதில் வீடும் ஒரு காரணம் என்றார் அவர். ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்கள். ஒன்று நல்ல சுவருள்ள வீட்டில், மற்றது ஓட்டைச் சாளரமுள்ள வீட்டில். முதல் குடும்பம் கதகதப்பாக இருக்கும், இரண்டாவது நடுங்கும். காசைக் கொடுத்தால் நடுங்கும் குடும்பத்துக்கு ஒரு மாதம் போகும். சுவரைச் சரிசெய்தால் முப்பது ஆண்டு போகும்.

கவுன்சில் வீட்டில் இருப்பவரால் சுவரைச் சரிசெய்ய முடியாது. சுவர் கவுன்சிலுடையது. கட்டணச் சீட்டு மட்டும் குடியிருப்பவர் பெயருக்கு வரும். பணம் போட்டுச் சுவருக்கு வெப்பக்காப்புப் போடுபவர் வீட்டுக்காரர். பலன் பெறுபவர் வாடகைக்காரர். போடாவிட்டால் நட்டமும் வாடகைக்காரருக்கே. இந்த முடிச்சை அவிழ்க்காமல் மற்றதெல்லாம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதே என் குறை.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 40 லட்சம் குடும்பங்கள், அதாவது ஆறில் ஒரு குடும்பம், கவுன்சிலும் ஹவுசிங் அசோசியேஷனும் வாடகைக்கு விடும் இந்தச் சமூக வீடுகளில் இருக்கின்றன. முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார், அகதியாக வந்து நிலைபெற்றவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த நம்மவர்களிலும் பலர் கவுன்சில் தந்த ஃபிளாட்டில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

அந்த ஃபிளாட்டுகள் கட்டப்பட்ட கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கவுன்சில் கட்டடம் 1968இல் எழுந்தது. ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. குடிபுகுந்து சில வாரங்களிலேயே, மே 16ஆம் தேதி, ஒரு வீட்டில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அதே முறையில் கட்டிய பல அடுக்குமாடிகளிலிருந்து எரிவாயுக் குழாயை எடுத்துவிட்டார்கள். சூட்டுக்கு மின்சாரம் மட்டுமே வழி என்றாயிற்று. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. ஆனால் 2025 அக்டோபரில் ஓர் அலகு எரிவாயு ஆறு பென்ஸ் அளவில் இருக்க, ஓர் அலகு மின்சாரம் 25 பென்ஸைத் தாண்டியது. மெல்லிய கான்கிரீட் சுவர், நாலு மடங்கு விலையுள்ள மின்சூடு, குறைந்த வருமானம். மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்துவிட்டன.

மின்சூடோ எரிவாயுச் சூடோ, சுவர் குளிர்ந்த ஒரு ஃபிளாட்டுக்குள் போனால் முதலில் தெரிவது சாளரத்து மூலையில் படிந்த கறுப்பு. பூஞ்சணம். அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒருமுறை அரிசி மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னறையில் துணி காயப்போட்டிருந்தது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார். அதன் பின்னால் காட்டினார்: சுவர்க் காகிதம் ஈரத்தில் உப்பி, கறுப்புப் புள்ளிகள் படர்ந்து, அருகில் போனால் மழையில் நனைந்த சாக்கு மணம். அவர் பேரனின் பள்ளிச் சப்பாத்தின் தோலிலும் பச்சையாகப் பூத்திருந்தது. இரண்டு முறை முறைப்பாடு செய்திருக்கிறார். வந்து பார்த்தவர், துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள், சமைக்கும்போது சாளரத்தைத் திறந்து வையுங்கள் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

குளிர்ந்த சோடா போத்தலை மேசையில் வைத்தால் வெளிப்புறம் நீர் துளிர்க்கிறதல்லவா? போத்தல் கசியவில்லை. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. குளிர்ந்த சுவரும் அந்தப் போத்தல்தான். நாலு பேர் மூச்சு விட்டு, சோறு வடித்து, குளித்து, துணி உலர்த்தும் வீட்டில் ஈரம் இருக்கத்தான் செய்யும். சுவர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த ஈரம் காற்றோடு வெளியேறும். சுவர் குளிர்ந்திருந்தால் அங்கேயே நீராகி, பூஞ்சணத்துக்குத் தீனியாகும். சாளரத்தைத் திறந்தால் ஈரம் போகும், கூடவே ஐந்து பவுண்ட் சூடும் போகும். திறக்காவிட்டால் பூஞ்சணம். பத்தாவது மாடியில் பால்கனிகூட இல்லாத வீட்டில் டிசம்பர் மாதம் துணியை எங்கே காயப்போடுவது? அந்தத் தாளை எழுதியவர் இதற்குப் பதில் எழுதவில்லை.

வாடகைக்காரரின் வாழ்க்கை முறையே காரணம் என்ற இந்தப் பேச்சுக்கு எதிராக, சமூக வீடுகளுக்கான குறைதீர்ப்பாளர் 2021 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிரச்சினை வாழ்க்கை முறையில் இல்லை என்பதே அதன் தலைப்பின் பொருள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2020 டிசம்பரில் ரோச்டேல் நகரில், பூஞ்சணம் படர்ந்த ஒரு ஹவுசிங் அசோசியேஷன் ஃபிளாட்டில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. தொடர்ந்து பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தப் பெற்றோரும் பல முறை முறையிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான அவசரக் குறையை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஓதம், பூஞ்சணம் என்றால் பத்து வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆபத்து உண்டு என்று தெரிந்ததும் ஐந்து வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் தன் செலவில் மாற்று இடம் தர வேண்டும். கடுங்குளிரையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவதாக அரசு அறிவித்திருக்கிறது.

எரிபொருள் வறுமையை எண்ணும் அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கவுன்சில் வீடுகளில் வாழ்பவர்களைத்தான் அது அதிகம் மறைக்கிறது. இங்கிலாந்தில் போர்ட்மேனின் பத்து விழுக்காட்டுக் கணக்கை 2013இல் கைவிட்டார்கள். 2021 முதல் இருக்கும் புதிய அளவுகோல்படி ஒரு குடும்பம் எரிபொருள் வறுமையில் இருப்பதாகக் கணக்கில் வர இரண்டும் பொருந்த வேண்டும்: வீட்டின் எரிசக்தித் தரம் டி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், எரிசக்திக்குத் தேவையான செலவு போக மிஞ்சும் வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை தரம் கொடுத்திருக்கிறார்கள். ஏ மிக நல்லது. சமூக வீடுகளில் பத்தில் ஏழு சி தரத்திலோ அதற்கு மேலோ இருக்கின்றன. தனியார் வாடகை வீடுகளைவிட இது நல்ல நிலைதான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சி என்று சான்றிதழ் வாங்கிய ஃபிளாட்டில் சூட்டைப் போடக் காசில்லாமல் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்தக் கணக்கில் எரிபொருள் ஏழை இல்லை. 2023இல் இங்கிலாந்தில் 13 விழுக்காட்டுக் குடும்பங்கள் எரிபொருள் வறுமையில் இருப்பதாகச் சொன்ன கணக்கு இப்படி எண்ணியதுதான். ஸ்காட்லாந்து 2019இல் இயற்றிய சட்டத்தில் பத்து விழுக்காட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு, கண்ணியமாக வாழ மீதி வருமானம் போதுமா என்பதையும் சேர்த்தது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

தீர்த்துக் காட்டிய ஊர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீன் எண்ணெய்ப் பணம் புழங்கும் நகரம். ஆனால் அதன் கவுன்சில் அடுக்குமாடிகளில் மின்சூட்டை நம்பியிருந்தவர்கள் குளிரில் கிடந்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் கவுன்சில் கணக்கெடுத்துப் பார்த்து, மலிவான சூடு கிடைக்க வழி தேடியது. 2002இல் இலாப நோக்கமில்லாத ஒரு கம்பனியைத் தொடங்கியது. ஸ்டாக்கெட்ஹில் என்ற இடத்தில் நான்கு அடுக்குமாடிகள், 288 ஃபிளாட்டுகள். அவற்றுக்கு நடுவே எரிவாயுவில் ஓடும் ஓர் இயந்திரம் மின்சாரம் தயாரிக்கும். அதில் வீணாகும் சூட்டைத் தண்ணீரில் ஏற்றிக் குழாய் வழியே எல்லா ஃபிளாட்டுகளுக்கும் அனுப்புவார்கள். மின்சாரத்தை விற்ற பணம் செலவைக் குறைக்கும். வீட்டுக்குள் எரிவாயு வராது; வெந்நீர் மட்டுமே வரும். குடியிருப்பவர் வாடகையோடு சேர்த்து வாரத்துக்கு ஒரே தொகையைக் கட்டுவார், ஜனவரியானாலும் ஜூலையானாலும். மீட்டர் இல்லை, சாவி இல்லை. பலருக்குச் சூட்டுச் செலவு ஏறத்தாழ பாதியானது. ஒரு திட்டம் வென்றதும் அடுத்த பேட்டைக்கு நீட்டினார்கள்.

அபர்டீனில் நன்றாக நடந்தது என்பதற்காகக் கூட்டுச் சூடு எங்கும் நல்லது என்று சொல்ல மாட்டேன். லண்டனில் பல கவுன்சில் பேட்டைகளில் இப்படிப் பொதுக் கொதிகலன் உண்டு. அதற்கான எரிவாயுவை வணிக விலையில் வாங்குவதால் வீட்டு உச்சவரம்பு அதற்குப் பொருந்தவில்லை. 2022, 2023இல் சில இடங்களில் கட்டணம் பல மடங்கு ஏறியது. கம்பனியை மாற்றவும் வழியில்லை. கொதிகலன் பழுதானால் நூறு வீடும் ஒன்றாகக் குளிரும். 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்துக்குப் பிறகே இவற்றை ஆஃப்ஜெமின் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் வேலை தொடங்கியது.

சுவரைச் சரிசெய்ததற்கு நல்ல சாட்சி போர்ட்ஸ்மத் நகரின் வில்ம்கோட் ஹவுஸ். 1968இல் கட்டிய 11 மாடிக் கான்கிரீட் கட்டடம், மின்சூடு, நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். இடித்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோது கவுன்சில் அதைப் போர்த்த முடிவு செய்தது. வெளிச்சுவர் முழுவதும் தடித்த கனிமக் கம்பளி, மூன்றடுக்குக் கண்ணாடிச் சாளரங்கள், உள்ளே இருக்கும் சூட்டை இழக்காமல் ஈரக் காற்றை மட்டும் மாற்றும் காற்றோட்டக் கருவி. வேலை நடந்த ஆண்டுகளில் மக்கள் உள்ளேயே வாழ்ந்தார்கள். அது எளிதாக இருந்திருக்காது. 2018இல் வேலை முடிந்தது. நோரிச் நகரம் புதிதாகவே கட்டியது. கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் என்ற தெருவில் 105 வீடுகள், எல்லாம் கவுன்சில் வாடகைக்கு. ஆண்டு முழுவதும் சூட்டுக்கு 150 பவுண்ட் அளவே ஆகும் என்று கணக்கிட்டுக் கட்டியவை. 2019இல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசை அவை வென்றன. ஏழைக்குக் கட்டினால் மட்டமாகத்தான் கட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் அந்தத் தெருவைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சுவரைப் போர்த்துவது என்றதும் லண்டனில் யாருக்கும் கிரென்ஃபெல் கட்டடம் நினைவுக்கு வரும். 2016இல் அந்தக் கவுன்சில் கட்டடத்துக்கு வெளியே புதிய உறை போட்டார்கள். குளிரைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. போட்ட உறை எரியக்கூடியது. 2017 ஜூன் 14 அதிகாலை பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களும் தங்கள் கட்டடத்துக்கு என்ன போடப் போகிறார்கள் என்று பயந்து கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கனிமக் கம்பளி எரியாது. எதைப் போடுகிறார்கள் என்று எழுத்தில் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

வேலையின் தரமும் அதே அளவு முக்கியம். எரிசக்திக் கம்பனிகளின் செலவில் ஏழைகளின் வீடுகளுக்கு வெப்பக்காப்புப் போடும் அரசுத் திட்டங்களை தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் ஆராய்ந்து சொன்னது: வெளிச்சுவர்க் காப்புப் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருந்தன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். காப்புக்குப் பின்னால் நீர் புகுந்தால் பழைய குளிரோடு புது ஓதமும் சேரும். இதைவிட வெட்கக்கேடு இந்தத் துறையில் வேறில்லை.

பணம் எங்கே என்று கவுன்சில்கள் கேட்கும். அதில் உண்மை இருக்கிறது. 2016 முதல் நான்கு ஆண்டுகள் சமூக வாடகையை ஆண்டுக்கு ஒரு விழுக்காடு குறைக்கச் சட்டம் வந்தது. வாடகைக்காரருக்கு அது நல்லது. பழுதுபார்க்கும் பணப்பெட்டிக்குக் கெட்டது. சமூக வீடுகளை 2030க்குள் சி தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற யோசனையை அரசு 2025இல் முன்வைத்தது, மானியமும் கொடுக்கிறது. மானியத்துக்கு விண்ணப்பித்து வேலையை நடத்த ஆளில்லாத சிறிய கவுன்சில்கள் பின்தங்குகின்றன.

இதில் அதிகாரிகள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெப்பக்காப்புப் போட்ட பிறகும் சிலர் வீட்டில் கட்டணம் எதிர்பார்த்த அளவு குறையாது. திட்டம் தோற்றது என்று எழுதிவிடுவார்கள். முன்பு அந்தக் குடும்பம் ஒரே அறையில் சூடு போட்டு எல்லோரும் அதில் படுத்திருக்கும். இப்போது அதே பணத்தில் மூன்று அறையும் சூடாகிறது. பிள்ளை தன் அறையில் இருந்து படிக்கிறான். மிச்சம் பணமாக வராமல் சூடாக வந்திருக்கிறது. எதற்காகச் செலவழித்தோமோ அது கிடைத்துவிட்டது.

சுவர் சரியாகும்வரை என்ன செய்வது? குறைந்த வருமான உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் 150 பவுண்ட் கழிவு உண்டு. 2025 முதல் இன்னும் பல குடும்பங்களுக்கு விரிவுபடுத்தியிருக்கிறார்கள். முன்பண மீட்டர்காரருக்கு அது வவுச்சராக வரலாம். தபாலில் வந்த தாளை விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பம் பூச்சியத்திலோ கீழேயோ இருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு வாரத்துக்கு 25 பவுண்ட் கணக்கில் வந்து விழும். ஓய்வூதிய வயதில் வருமானம் குறைந்தவர்கள் பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் மற்றச் சலுகைகளுக்கும் கதவு திறக்கும். நம் முதியவர்களில் பலர் படிவத்தைப் பார்த்துப் பயந்து கேட்காமலே இருக்கிறார்கள். நோயாளியோ முதியவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீடு, கம்பனியின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும், காசு செலவில்லை. கடன் ஏறிவிட்டால் கட்டக்கூடிய தவணை கேட்டுப் பெறலாம்.

பூஞ்சணம் கண்டால் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். தேதியோடு படம் எடுங்கள். கடைகளில் ஐந்தாறு பவுண்டுக்கு விற்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி, காலையும் இரவும் எத்தனை பாகை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ முறைப்பாடு செய்யுங்கள். அதில் வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, யார் குழந்தை என்று எழுதுங்கள். கவுன்சிலின் முறைப்பாட்டுப் படிகள் முடிந்தும் தீரவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், இலவசம். ஆங்கிலம் வராது என்பது தடையில்லை, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளையை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் தாய் கெஞ்சுவதை அது சொல்ல வேண்டியிருக்கிறது.

கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் மூலைக்கடைக் கல்லாவில் நிற்பவர்களில் தமிழர் நிறையப் பேர். ஒரு வாரத்தில் மூன்று முறை ஐந்து ஐந்து பவுண்டாக ஏற்றுகிறவரை மருத்துவருக்கு முன், கவுன்சிலுக்கு முன் பார்ப்பவர்கள் நீங்கள்தான். உணவு வங்கிகளும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் எரிபொருள் வவுச்சர் பெற வழி காட்டுகின்றன. அதை உங்கள் கல்லாவில் இருக்கும் அதே கருவியில் ஏற்றலாம். அருகில் இருக்கும் உணவு வங்கியின் முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கருவிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். செப்டம்பர் வந்ததும், எரிவாயு அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்து மீட்டரில் எவ்வளவு பாக்கி காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் குளிர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.